ரவானை எறிந்த பையனிடம் முதலில் என்ன பேசுவது?

கேள்வி: மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது கர்நாடக வாய்ப்பாட்டு. வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் இணையத்தில் ஓர் அமெரிக்கப் பயிற்சியில் சேர்ந்து, பாட்டு வழியாகப் பிள்ளைகளின் மன உணர்வையும் பழகும் விதத்தையும் வளர்ப்பது பற்றிக் கற்றேன். வண்ண அட்டை, மூச்சுப் பயிற்சி, வட்டமாக உட்கார்ந்து பேசுவது எல்லாம் இப்போது என் வகுப்பில் உண்டு.

கிரேட் 4-இல், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் சமூகத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். தாளம் அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. அதனால் பள்ளி விழாவுக்கு, இந்தத் தீவின் செகா பாட்டுக்கு அடிக்கிற ரவான் என்ற தோல் மேளத்தை அவனிடமே கொடுத்தேன். ஒத்திகையில் ஒரு தமிழ்ப் பையன், "அது அவங்க மேளந்தானே" என்று ஆரம்பித்து, ஆப்பிரிக்கக் கரையின் பெயரால் திட்டுகிற அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டான். இவன் ரவானைத் தூக்கி எறிய, தோல் கிழிந்தது. இவனை அமைதி மூலையில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் கைகுலுக்கி மன்னிப்புக் கேட்டார்கள். தலைமை ஆசிரியர் பாராட்டினார். ஆனால் மூன்று வாரமாக அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வேறொரு ரவானை ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பாட்டி என்னைக் கோயிலில் பார்த்து, "குடித்துவிட்டு ஆடுகிற பாட்டுக்கு அடிக்கிற மேளம் எங்கள் பிள்ளைக்கு எதற்கு?" என்றார். கிழிந்த தோலுக்கு அவன் வீட்டில் பணம் வாங்கச் சொல்கிறது பள்ளி. இனத்தைப் பற்றிப் பேசினால், இல்லாததைப் பிள்ளைகள் மனதில் நானே விதைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எங்கே தவறினேன்?

— ஓர் இசை ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தவறியது அந்த அமைதி மூலையில்தான். வசவு வாங்கியவனை உட்காரவைத்து மூச்சு விடச் சொன்னீர்கள். வசவு சொன்னவன் நின்று வேடிக்கை பார்த்தான். அந்தச் சொல்லைச் சொன்னால் ஒன்றும் ஆகாது, அதைக் கேட்டுக் கோபப்பட்டால்தான் மூலைக்குப் போகவேண்டும் என்று அன்றைக்கு வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது. பையன் அதை எல்லாரையும் விட நன்றாகக் கற்றுக்கொண்டான். அதனால்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறான்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். இதே தவறை இன்னும் பெரிதாக நான் செய்திருக்கிறேன். 1999 பிப்ரவரியில், செகாவோடு ரெகேயைக் கலந்து செகே பாடிய கிரியோல் பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்துபோனார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் தீவு சில நாள் எரிந்தது. அப்புறம் நான் வேலை பார்த்த பள்ளியில், ஒற்றுமைப் பாட்டு ஏதாவது பாடவையுங்கள் என்றார்கள். நானும் பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்து, நாமெல்லாம் ஒரே தோட்டத்துப் பூக்கள் என்கிற மாதிரி ஒன்றைப் பாடவைத்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் உதட்டை அசைக்காமல் நின்றாள். என் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே "பங்கெடுக்கவில்லை" என்று எழுதினேன். அவள் தெருவில் அந்த வாரம் என்ன நடந்தது, வீட்டில் யாருக்காவது அடிபட்டதா, ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் குறிப்பேட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

சரி, இல்லாததை விதைத்துவிடுவோமோ என்கிற பயம். நாளைக்கு உங்கள் பள்ளியில் மொழிப் பாடத்துக்கு மணி அடிக்கும்போது வராந்தாவில் நின்று பாருங்கள். ஒரே வகுப்பு நாலைந்து துண்டாகப் பிரிந்து, தமிழுக்கு ஒரு அறை, இந்திக்கு ஒன்று, உருதுக்கு ஒன்று என்று நடந்துபோகும். கிரியோல் மொழி இந்த வரிசையில் சேர்ந்ததே 2012-இல்தான். இத்தனைக்கும் அந்தத் தமிழ் அறைக்குப் போகிற பிள்ளைகள் வழியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு போவதும் கிரியோல்தான். தமிழ்ப் பாடம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பாடம் போட்ட சோற்றைத் தின்றவள் நான். பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். யார் எந்த அறைக்குப் போகிறார்கள், எந்த அறையில் மின்விசிறி ஓடுகிறது, எந்த ஆசிரியர் முதல் வரிசையில் யாரை உட்காரவைக்கிறார் என்று ஒன்பது வயதுக்குள் அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1972-க்குப் பிறகு சமூகம் எது என்று கேட்பதில்லை. கேட்பதை நிறுத்தியதால் யாருக்கும் மறந்துபோகவில்லை. வீட்டிலே, "வெயிலில் ஆடாதே, கறுத்துப்போவாய்" என்று சொல்லும் அம்மாக்கள் எத்தனை பேர்? விதைத்தவர் பட்டியல் நீளமானது, ஆசிரியையே. அதில் உங்கள் பெயரை நீங்களாகப் போய் எழுத வேண்டாம்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் உங்கள் பெயரும் இருக்கிறது. "தாளம் அவனுக்குப் பிறவியிலேயே வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாராட்டுதான், புரிகிறது. உங்கள் கமகத்தைக் கேட்டு ஒருவர், "தமிழச்சி அல்லவா, இரத்தத்திலேயே வந்திருக்கும்" என்றால் எப்படி இருக்கும்? விடியற்காலையில் எழுந்து எத்தனை வருடம் அகாரம் பாடினோம் என்று எரிச்சல் வராதா? அந்தப் பையனும் எங்கோ உட்கார்ந்து, யாரையோ பார்த்து, கை வலிக்க வலிக்கத் தட்டிப் பழகியிருப்பான். அந்த உழைப்பை அவன் தோலின் கணக்கில் எழுதிவிட்டோம். அதற்கு மேல், "அது அவங்க மேளம்" என்று தமிழ்ப் பையன் சொன்னது எங்கிருந்து வந்தது? ரவானை அவன் கையில் மட்டும் கொடுத்து, அதை முதலில் சொன்னது யார்? நீங்கள் பூச்செண்டாகக் கொடுத்ததை அவன் கல்லாக எறிந்தான், அவ்வளவுதான்.

என்னிடம் படித்த ஒரு கிரியோல் பையனுக்கு மாயாமாளவகௌளை ராகம் என்றால் பைத்தியம். சரளி வரிசையைக் கழிவறைக்குப் போகிற வழியெல்லாம் முணுமுணுப்பான். நான் இரண்டு வருடம் அவன் கையில், விதை போட்டுக் குலுக்குகிற மரவானையே திணித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனே வந்து, "மிஸ், நான் எப்ப பாடுவேன்?" என்று கேட்டான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உங்கள் அமெரிக்கப் பயிற்சிக்கு வருகிறேன். அதைக் குப்பையில் போட வேண்டாம். இந்தத் துறைக்குப் பெயரும் உருவமும் கொடுத்ததில் 1994-இல் அங்கே தொடங்கிய கேசல் என்ற அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தன்னை அறிவது, தன்னை நடத்திக்கொள்வது, பிறர் நிலையை உணர்வது, உறவு பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது என்று ஐந்து திறன்களை அவர்கள் சொல்கிறார்கள். நம் வகுப்புகளுக்கு வந்து சேரும்போது மற்ற நான்கும் உதிர்ந்து இரண்டாவது மட்டும் மிஞ்சுகிறது. உன்னை அடக்கிக்கொள், அமைதியாக இரு என்பதுதான் அது. அடக்கிக்கொள்ளச் சொல்வதும் பெரும்பாலும் ஏற்கெனவே அடங்கிப்போன பிள்ளைகளிடம்தான். இதை அமெரிக்காவிலேயே டீனா சிம்மன்ஸ் போன்ற கறுப்பினக் கல்வியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இனவெறியைப் பற்றிப் பேசாமல் உணர்வைப் பற்றி மட்டும் பாடம் நடத்தினால், அது கறுப்பினப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் இன்னொரு வழியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். கேசலும் 2020-இல் தன் வரையறையைத் திருத்தி, சமநீதியை அதற்குள் கொண்டுவந்தது. உங்கள் பயிற்சியில் இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள்? உங்கள் கடிதத்தைப் படித்தால் அதிகம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

அந்த வண்ண அட்டையில் சிவப்பு என்றால் கோபம், கோபம் என்றால் தணிக்க வேண்டியது, இல்லையா? அந்தப் பையனின் கோபம் சரியான கோபம். தன்னை இழிவுபடுத்தினால் கோபம் வர வேண்டும். வராமல் போனால்தான் நாம் கவலைப்பட வேண்டும். ரவானை எறிந்தது தவறு, அது வேறு கணக்கு, அதற்குக் கடைசியில் வருகிறேன். "நீ எந்த நிறத்தில் இருக்கிறாய்?" என்று அவனைக் கேட்பதற்கு முன்னால், "இங்கே என்ன நடந்தது? யார் இதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். உணர்வுகளைப் பற்றிய பேச்சு அங்கேயே வேறு திசையில் திரும்பும். மூச்சுப் பயிற்சியைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வரியைப் பாட மூச்சு வேண்டும், அதற்காகத் தினமும் எல்லாரும் செய்யட்டும். தண்டனையாகக் கொடுத்த மூச்சுப் பயிற்சியை அந்தப் பிள்ளை அப்புறம் பாட்டிலும் வெறுக்கும்.

போகிற போக்கில் இன்னொன்று. அந்த மாதிரிப் பயிற்சிகளில் அமெரிக்கச் சிறுவர் பாட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். பாடவைப்பதற்கு முன் எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். "ஓ சுசானா" எவ்வளவு குதூகலமான மெட்டு! ஸ்டீபன் ஃபாஸ்டர் 1848-இல் வெளியிட்டது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைகளில் பாடப்பட்டது. அதன் பழைய இரண்டாம் அடியில், கறுப்பர்கள் கூட்டமாகச் சாவதே வேடிக்கையாக வருகிறது. அதை மறைத்து மெட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். உலகத்தில் மெட்டுக்கா பஞ்சம்?

பாட்டியம்மாவின் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுச் சங்கதி.

அவர் சொன்னதில் பாதி உண்மை. செகாவில் ரம் உண்டு, இடுப்பசைவு உண்டு, கிண்டல் உண்டு. ஆனால் அதைப் பாடத் தொடங்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். கரும்புக் காட்டில் பகல் போய், இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, முதலாளிக்குப் புரியாத வார்த்தைகளில் அழுததும் சிரித்ததும்தான் செகா. மேல்சட்டை போட்டவர்கள் வெகுகாலம் அதை வெறும் சத்தம் என்றார்கள். 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. யுனெஸ்கோ சொன்ன பிறகுதான் நம்மில் பலருக்கு அது இசை என்று காது கேட்டது.

சத்தம் எது, இசை எது என்று பிரிப்பதில் நாமும் கைதேர்ந்தவர்கள். பறையை என்ன செய்தோம்? மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய வட்ட மேளம், அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். ரவானும் அதேதான். சட்டத்தில் ஆட்டுத்தோல், நெருப்பில் காட்டினால்தான் குரல் எழும்பும். ஒன்றைக் குச்சியால் அடிக்கிறோம், இன்னொன்றைக் கையால் அடிக்கிறோம். பறையைச் சாவுமேளம் என்று ஒதுக்கி, அடித்தவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். மிருதங்கத்தை மேடையேற்றினோம், அதற்குத் தோல் பதமாக்கிக் கொடுத்தவரை வாசற்படியிலேயே நிற்கவைத்தோம். கப்பலேறி இத்தனை ஆயிரம் கல் தாண்டி வந்த பிறகும் அந்தக் காது நம்மோடு வந்திருக்கிறது. பாட்டியம்மா கேட்டது அந்தக் காதால்.

இதையெல்லாம் கோயில் வாசலில் அவரிடம் கொட்ட வேண்டாம். "பாட்டி, தைப்பூசத்தன்றைக்கு மேளம் இல்லாமல் காவடி எடுப்போமா? உங்கள் பேத்திக்குக் கை பழகட்டும், தோல் மேளம் எல்லாம் அக்கா தங்கைதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், 1998-ஐ நினைவுபடுத்துங்கள். புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம்மவர்கள் எப்படிக் கொதித்தார்கள், கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டி வந்ததே! ஒரு வரி கீழே போனதற்கே நமக்கு அவ்வளவு வலித்தது என்றால், மேளத்தோடு சேர்த்துக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு விளங்கும். என் அனுபவத்தில் வயதானவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சிரமப்படுத்துகிறவர்கள் நடுவயதுக்காரர்கள்தான்.

இனி திங்கட்கிழமைக்கு.

முதலில் அந்தப் பையன். அவனை அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துப் பேசாதீர்கள், மறுபடி ஒரு மூலை என்று நினைப்பான். பாடம் முடிந்து முக்கோண மணிகளையும் மரவான்களையும் பெட்டியில் அடுக்கும்போது கூட இருக்கச் சொல்லுங்கள். கை வேலையில் இருக்கட்டும். அப்போது அவன் வீட்டு மொழியிலேயே சொல்லுங்கள்: மோ ஃபின் த்ரோன்பே. நான் தவறு செய்துவிட்டேன். அதோடு நிறுத்திவிடாதீர்கள், எது தவறு என்றும் சொல்ல வேண்டும். "அவன் சொன்னது உன்னை இழிவுபடுத்துகிற சொல். நான் அங்கேயே அவனை நிறுத்தியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு உன்னை மூலைக்கு அனுப்பினேன். உனக்குக் கோபம் வந்தது நியாயம்." இவ்வளவு போதும். பதில் எதிர்பார்க்காதீர்கள், "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லவைக்காதீர்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் மணிகளை அடுக்கிவிட்டுப் போகலாம். போகட்டும். விழாவில் என்ன செய்ய ஆசை என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். ரவானை ஆறுதல் பரிசு மாதிரி திருப்பிக் கொடுக்க வேண்டாம். அவனுக்குப் பாட ஆசை இருக்கலாம், ஆர்கன் ஆசை இருக்கலாம், ரவானே வேண்டும் என்றும் சொல்லலாம். செகாவைப் பற்றி வகுப்புக்கு விளக்கச் சொல்லி மட்டும் அவனை எழுப்பிவிடாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு சமூகத்துக்கே வக்கீல் ஆக முடியாது. விளக்க ஆள் வேண்டுமென்றால், ரவான் அடிக்கிற பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கர்நாடக வித்வானை அழைத்தால் கொடுப்பதை இவருக்கும் கொடுங்கள். சம்மானத்தில் குறை வைத்தால் பிள்ளைகளுக்கு அதுவும் தெரிந்துபோகும்.

அடுத்து தமிழ்ப் பையன். "விளையாட்டுக்குச் சொன்னேன் மிஸ்" என்பான். விடாதீர்கள். அதற்காக அவனை இனவெறியன் என்று முத்திரை குத்தவும் வேண்டாம், எங்கோ கேட்டதைத்தான் கொண்டுவந்திருக்கிறான். தனியாகக் கூப்பிட்டு அந்தச் சொல்லின் கதையைச் சொல்லுங்கள். அது ஒரு கரையின் பெயர். அங்கிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தார்கள், வந்தவர்களின் சொந்தப் பெயரை அழித்துவிட்டு ஏறிய கரையின் பெயரையே வைத்தார்கள். பிறகு, "மல்பார்" என்று யாராவது உன்னைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா என்று கேளுங்கள். கேட்டிருப்பான். அதுவும் ஒரு கரையின் பெயர்தான், நம் முன்னோர் பலர் அந்தக் கரையைப் பார்த்ததுகூட இல்லை. இதைச் சொன்னதும் என் மாணவன் ஒருவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும், அது உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். தலைமை ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைகுலுக்கல் வேண்டவே வேண்டாம். எல்லார் முன்னாலும் இரண்டு பேரையும் மன்னிப்புக் கேட்கவைத்தால், இரண்டு பேரும் சமமாகத் தவறியதாக ஆகிறது.

அப்புறம் வகுப்பு. "அடிமைகள் அவர்கள் கதை, கூலிகள் நம் கதை" என்று பிள்ளைகள் பிரித்து வைத்திருப்பார்கள். அடிமை முறை ஒழிந்ததற்குப் பிப்ரவரி 1 ஒரு விடுமுறை, கூலிகள் வந்து இறங்கியதற்கு நவம்பர் 2 இன்னொரு விடுமுறை என்று நாட்காட்டியே பிரித்துத்தானே வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள், அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அடிமைகளாகவும் ஆட்களைக் கொண்டுவந்து விற்றார்கள். அந்த இரவுகளில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் நம்மவரும் இருந்திருக்கலாம் அல்லவா? இதைப் பாடமாக நடத்த வேண்டாம், தோலைச் சூடாக்கும்போது கதையாகச் சொல்லுங்கள். பள்ளியில் நெருப்பு மூட்ட விட மாட்டார்கள், சரிதான். வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தில் ரவானை அரைமணி நேரம் வையுங்கள். வைப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தட்டுத் தட்டிக் கேட்கட்டும். ஈரக்காற்றில் தொய்ந்து, நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும். வெயிலில் காய்ந்த பிறகு மறுபடி தட்டச் சொல்லுங்கள். விரல் நுனியில் துள்ளும். அந்த வித்தியாசத்தைக் கேட்டு என் வகுப்பில் வாயைப் பிளக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. செயற்கைத் தோல் போட்ட ரவானில் இது வராது, அதனால் ஒன்றாவது ஆட்டுத்தோலில் வைத்திருங்கள்.

செகாவின் தாளம் நமக்குத் தூரமில்லை. ஆறு எண்ணிக்கை, தகிட தகிட என்று திஸ்ரத்தில் போகும். நம் கும்மிகளிலும் பெரும்பாலும் அதே நடைதான். பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து முதலில் கும்மிக் கைதட்டு, அது ஓட ஆரம்பித்ததும் உள்ளே ரவான், அதன் மேல் மரவானின் சலசலப்பு, கடைசியில் முக்கோண மணி. நான்கு சுற்று முடிந்ததும் ரவான் வலப்பக்கத்துப் பிள்ளைக்கு நகரும். யாரும் கேட்டு வாங்க வேண்டாம், யாருக்கும் கொடுக்காமல் விடவும் முடியாது. இப்படி ஒரு மாதம் சுற்றினால், அது யார் மேளம் என்கிற கேள்வியே அபத்தமாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. "பார்த்தீர்களா, கும்மியும் செகாவும் ஒன்றுதான், நாமெல்லாம் ஒன்றுதான்" என்று பிரசங்கம் ஆரம்பித்துவிடாதீர்கள். நான் 1999-இல் பாடவைத்த பூந்தோட்டப் பாட்டு அதுதான். இரண்டும் ஒன்றில்லை. ரவானின் முதல் அடி விழுகிற இடமும் கும்மியின் கைதட்டும் அங்கங்கே முட்டும், அந்த முட்டலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வரி கட்டச் சொல்லுங்கள். அன்றன்றைக்கு நடந்ததை அங்கேயே வரியாக்கிப் பாடுவதுதான் பழைய செகாக்காரர்களின் வித்தை. நான் வைக்கிற நிபந்தனை ஒன்றுதான்: இந்த வாரம் உனக்கு உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். பஸ் நிற்காமல் போனது, பாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பது, அண்ணன் சைக்கிளை விற்றுவிட்டது என்று ஒருவர் வரி கொடுக்க, மற்றவர்கள் பல்லவியில் வாங்கிக்கொள்வார்கள். தனக்கு நடந்ததைச் சொல்லி, முப்பது குரல் அதைத் திருப்பிப் பாடுவதைக் கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். உங்கள் பயிற்சியில் சொன்ன ஐந்து திறன்களில் நாலாவது அங்கே நடந்துகொண்டிருக்கும். சில வரிகள் சங்கடமாக வரும். "மிஸ் என்னை மட்டும் திட்டுறாங்க" என்று ஒருத்தி ஒருமுறை பாடிவிட்டாள். வகுப்பே பல்லவியில் எடுத்துக்கொண்டது. நான் நின்று கேட்டேன், வேறென்ன செய்ய?

அன்று இரவு உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன், உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில், "சத்தம் போடாதே" என்று யார் பெயரைச் சொல்லிச் சொன்னேன், "நீ முன்னால் வா" என்று யாரை அழைத்தேன் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முதல் பட்டியலில் அதே மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப. அந்த மூன்றில் ஒன்றுகூட இரண்டாவது பட்டியலில் இல்லை. மூன்றும் எந்தத் தெருப் பெயர்கள் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. அந்த நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம், ஆனால் போட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தோல். அவன் வீட்டில் பணம் கேட்காதீர்கள். மேளத்தை எறிந்தது தவறு, அதை அவனிடம் சொல்லலாம், மன்னிப்பை நீங்கள் முதலில் கேட்ட பிறகு. ஆனால் வசவு சொன்னவன் வீட்டுக்குச் சீட்டு போகாமல், வாங்கியவன் வீட்டுக்கு மட்டும் பில் போனால் அவன் அம்மா அதை எப்படிப் படிப்பார்? தலைமை ஆசிரியரிடம், "சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, தோலை நாங்களே மாற்றிக்கொள்கிறோம், இது பாடத்தில் சேரும்" என்று சொல்லுங்கள். ஆட்டுத்தோல் ஒன்று வாங்கிவிடலாம், அந்தச் செலவு ஒரு பெரிய காரியமில்லை. முதல் நாள் சாயங்காலமே தண்ணீரில் போட்டுவிடுங்கள், இரவு முழுக்க ஊறி மெத்தென்று ஆகிவிடும். மறுநாள் சட்டத்தின் மேல் விரித்து நாலு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் கோணிக்கொள்ளும், அதனால் குறைந்தது நாலு ஜோடிக் கை வேண்டும். வசவு சொன்ன பையன் அதில் கட்டாயம் ஒரு ஜோடி. இவன் வருவானா என்று இவனையே கேளுங்கள், வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆணி அடித்ததும் நிழலில் வைத்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் பிளந்துவிடும், அடுத்த தோலுக்கு என்னிடம் வந்து நிற்பீர்கள்.